நான்கு மணிக்குள் இடம் பிடியுங்கள்: வேன் வண்டியில் கடற்கரைப் பயணம் செல்லும் தம்பதியருக்கு

கேரவன் என்றதும் நம்மில் பலருக்கும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் குளிர்சாதன வண்டிதான் நினைவுக்கு வருகிறது. நான் எழுதப்போவது அதைப் பற்றி அன்று. ஒரு பழைய வேனுக்குள் ஒரு மெத்தை, இரண்டு தண்ணீர் கேன், ஓர் ஒற்றை அடுப்பு ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு, கணவனும் மனைவியுமாக நாகப்பட்டினம் மாவட்டக் கோடியக்கரையிலிருந்து தூத்துக்குடி மாவட்ட மணப்பாடு வரையுள்ள ஆளரவம் குறைந்த கரையோரத்தைப் பத்துப் பன்னிரண்டு நாள்களில் பார்த்துவர விரும்புவோருக்கான குறிப்புகள் இவை. நாங்கள் வடசென்னையின் தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். என் கணவர் திருவொற்றியூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். நான் பள்ளி ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். இதுவரை மூன்று முறை இப்படிப் போய்வந்திருக்கிறோம். முதல் பயணத்தில் நாங்கள் செய்த பிழைகளே இக்கட்டுரையின் பெரும்பகுதி.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புதியவர்கள் தங்கள் பணத்தையும் கவலையையும் வண்டிக்குள் எதையெதைப் பொருத்தலாம் என்பதிலேயே செலவிடுகிறார்கள். ஆனால் பயணம் நல்லபடியாக நடப்பதும் கெடுவதும் அன்றிரவு வண்டியை எங்கே நிறுத்துவது என்ற கேள்வியைப் பொறுத்தது. பிற்பகல் நான்கு மணிக்குள் அதற்கு விடை கிடைத்துவிட்டால் தண்ணீர் பிடிப்பது, சமைப்பது, பாதுகாப்பு, இருவருக்கும் இடையிலான பேச்சு எல்லாம் ஒழுங்காக நடக்கும். விடை கிடைக்காத நாளில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பேட்டரியும் உதவாது.

எப்போது கிளம்புவது

வங்கக் கரைக்குப் பொங்கல் முடிந்து மாசி முடியும் வரையுள்ள இரண்டு மாதங்களே புதியவர்களுக்கு ஏற்றவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் காலம். கஜா புயல் 2018 நவம்பர் 16ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான் கரையைக் கடந்தது. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்தது. துறைமுகத்தில் 1 முதல் 11 வரை எண்ணிட்டு ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றி வடசென்னைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எந்த எண் ஏறினாலும் வேனில் உறங்குபவர்கள் கரையை விட்டு உட்பகுதிக்கு வந்துவிட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் தகரக் கூரையின் கீழ் உறங்க முடியாது. மேலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுத் துறைகள் ஓய்ந்துகிடக்கும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று மணலை வாரி அடிக்கும். தையிலும் மாசியிலும் இத்தொல்லைகள் இல்லை. கோடியக்கரையில் பூநாரைகளையும் காணலாம். ஆனால் இரண்டு நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். தை அமாவாசையன்று இராமேசுவரத்தில் நுழையவே முடியாது. தைப்பூசத்தை ஒட்டித் திருச்செந்தூருக்குச் செல்லும் சாலைகளில் இரவெல்லாம் பாதயாத்திரை பக்தர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நடுவே வண்டி ஓட்டுவது இரு தரப்புக்கும் ஆபத்து.

வண்டியும் தாள்களும்

சொந்த வண்டியில் போவதானால் முதல் வேலை ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் படிப்பது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. இருக்கைகளை நிரந்தரமாகக் கழற்றி, கூரையை வெட்டி உயர்த்தி, கட்டிலை வெல்டிங் செய்து நிறுத்த வேண்டுமானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் இல்லாமல் செய்துவிட்டு விபத்தில் மாட்டினால் காப்பீட்டுத் தொகை கேட்டு அலைய நேரும். என் கணவர் கைத்தொழில் தெரிந்தவர் என்பதால் வெல்டிங் கருவியைத் தூக்கத்தான் முதலில் துடித்தார். கடைசியில் நாங்கள் செய்தது எளிய வேலை: மரைன் பிளைவுட்டில் தூக்கி எடுத்து வைக்கக்கூடிய நான்கு பெட்டிகள், அவற்றின் மேல் இரண்டு பலகைகள், அதற்கு மேல் மெத்தை. பெட்டிகள் வண்டியின் உறுப்பல்ல, சுமை மட்டுமே. இறக்கி வைத்துவிட்டால் வேன் பழைய வேன்தான். வண்டி குலுங்கும்போது நகராமல் இருக்க அவற்றைச் சரக்கு கட்டும் நாடாவால் இறுக்கிக் கட்டுகிறோம்.

வாடகைக்கு எடுப்பவர்கள் எண் பலகையைப் பாருங்கள். நாமே ஓட்டிச்செல்லும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை போட்ட நண்பரின் நண்பருடைய வண்டியைப் பணம் கொடுத்து எடுப்பது சட்டப்படி செல்லாது. இலகுரக மோட்டார் வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரை எடையுள்ள வண்டியை ஓட்டலாம் என்றாலும், புதியவர்களுக்குச் சிறிய வேனே நல்லது என்பது என் கருத்து. நின்று நடமாடக்கூடிய உயரமான வேன் வசதிதான். ஆனால் கரையோர ஊர்களின் சந்துகளில் தாழ்வாகத் தொங்கும் மின்கம்பியும் கேபிளும் அதை வரவேற்பதில்லை.

கிளம்புவதற்கு முன் ஓர் இரவு வீட்டு வாசலிலேயே வண்டிக்குள் உறங்கிப் பாருங்கள். தெரு முழுவதும் வேடிக்கை பார்க்கும், பார்க்கட்டும். அடுத்து, மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கு ஓர் இரவு சோதனைப் பயணம் செல்லுங்கள். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கலாம், ஏரியில் பறவைகளைப் பார்க்கலாம். உண்மையான பயன் வேறு: ஏரிக்காற்று, கொசு, உப்பு ஈரம், பொது இடத்தில் காலைக்கடன் ஆகிய நான்கும் ஒரே இரவில் உங்களைச் சோதித்துவிடும். எங்கள் சன்னல் வலையில் கொசு நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்ததை அங்கேதான் கண்டோம். முந்நூறு கிலோமீட்டர் தள்ளிக் கண்டிருந்தால் சிரமமாகியிருக்கும்.

தண்ணீர்க் கணக்கு

வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் வளர்ந்த பெண்களுக்குத் தண்ணீர்க் கணக்கை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அடிபம்பு வரிசையில் குடத்தை வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடியவர்கள் நாங்கள். லாரி வராத நாளில் எத்தனை குடத்தில் ஒரு குடும்பம் நடக்கும் என்பது எங்களுக்கு மனப்பாடம். அந்த அறிவுதான் இப்பயணத்துக்கு மிகப் பெரிய மூலதனம். இருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 8 லிட்டர், பாத்திரம், முகம், கை கால் கழுவ 10 லிட்டர், குளிக்க ஆளுக்கு ஒரு வாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். குளியலை வெளியே முடித்துக்கொண்டால் 20 லிட்டர் கேன் ஒன்று ஒரு நாளுக்குத் தாராளம். நாங்கள் இரண்டு கேன் ஏற்றுகிறோம். அதற்கு மேல் ஏற்றுவதில்லை. ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் 100 லிட்டர் தொட்டி பொருத்துவது இன்னும் ஒன்றரை ஆளை ஏற்றிச்செல்வதற்குச் சமம். மணலில் அந்த எடைதான் சக்கரத்தை இறக்கும்.

தொண்டிக்குத் தெற்கே பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பாக இருக்கும். பாத்திரம் கழுவ அது போதும். சோறு வடிக்கவும் தேநீர் போடவும் ஆகாது. இராமநாதபுரத்திலும் தூத்துக்குடியிலும் கேனை நிரப்பிக்கொண்டுதான் அடுத்த பகுதிக்குள் நுழைய வேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் மீனவக் குடும்பங்கள் மணலில் சிறு குழி தோண்டி நன்னீர் எடுப்பதைப் பார்ப்பீர்கள். இரு பக்கமும் கடல் இருக்க, நடுவில் மழைநீர் மணலுக்குள் மிதந்து நிற்பதால் கிடைக்கும் தண்ணீர் அது. கொஞ்சமாகவே ஊறும். அவர்கள் கொடுத்தால் ஒரு செம்பு வாங்கிக் குடியுங்கள். கேனைத் தூக்கிக்கொண்டு அங்கே போகாதீர்கள்.

கழிப்பறை

ஆண்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் இப்பகுதி ஒரு வரியில் முடிந்துவிடும். பெண்களுக்கு இதுதான் பயணம் உண்டா இல்லையா என்பதை முடிவுசெய்கிறது. கையில் தூக்கிச்செல்லக்கூடிய சிறிய கழிப்பறைப் பெட்டிகள் விற்கின்றன. 20 லிட்டர் கழிவுத் தொட்டி கொண்ட பெட்டி இருவருக்கு இரண்டு மூன்று நாள் வரும். அதை வாங்குவதற்குத் தயங்காதீர்கள். மற்ற எதையும் கடன் வாங்கலாம், இதைக் கடனாகக் கேட்க முடியாது. இரவு அவசரத்துக்கு மட்டும் இதைப் பயன்படுத்திவிட்டு, பகலில் பெட்ரோல் பங்க், பேருந்து நிலையம், கோயில், தேவாலயக் கழிப்பறைகளைப் பயன்படுத்துவது நல்லது. பெட்ரோல் பங்குகளில் கழிப்பறையும் குடிநீரும் இலவசமாகத் தரப்பட வேண்டியவை. கூச்சப்படாமல் கேளுங்கள், ஆனால் எரிபொருளையும் அங்கேயே நிரப்புங்கள்.

தொட்டியைக் கழிப்பறையில் மட்டுமே காலி செய்ய வேண்டும். கடலிலோ ஓடையிலோ முள்காட்டிலோ ஊற்றுபவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே இருங்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் பிறர் கொட்டியதன் விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கும் நம் பகுதியிலிருந்து கிளம்பி, இன்னோர் ஊரின் கரையில் நாமே கொட்டுவது அசிங்கம்.

மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு விடுதியில் அறை எடுத்து, குளித்து, துணி துவைத்து, எல்லாவற்றுக்கும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். வேனில்தான் முழுப் பயணமும் என்ற வைராக்கியத்தை நாங்கள் இரண்டாம் பயணத்திலேயே விட்டுவிட்டோம்.

மின்சாரமும் அடுப்பும்

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று சுமார் 1,280 வாட்-மணி மின்சாரம் வைத்திருக்கும். 20 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 160, விளக்குக்கும் இரண்டு கைப்பேசிக்கும் 80 என்றால் நாளொன்றுக்கு 240 வாட்-மணி; சார்ஜ் ஏற்றாமலே நான்கைந்து நாள் ஓடும். இதில் குளிர்பதனப் பெட்டியைச் சேர்த்தால் கணக்கு இரண்டு நாளில் முடிந்துவிடும். நாங்கள் அதைச் சேர்க்கவில்லை. காசிமேட்டில் மீன் ஏற்றுமதிக்குப் பயன்படுத்தும் தெர்மாக்கோல் பெட்டி ஒன்றுதான் எங்கள் குளிர்பதனப் பெட்டி. படகுத்துறை இருக்கும் ஊரிலெல்லாம் ஐஸ் கம்பெனி இருக்கும், உடைத்த ஐஸ் எளிதாகக் கிடைக்கும். வண்டியைக் கிளப்பும் பேட்டரியிலிருந்து விசிறியை ஓட்டாதீர்கள். விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற ஓசை மட்டுமே வரும்.

சமையல் எப்போதும் வண்டிக்கு வெளியே. வீட்டுக்குத் தரும் 14.2 கிலோ சிலிண்டரை ஏற்றாமல் 5 கிலோ சிறு சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி எடுத்துச்செல்லுங்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய்விடாமல் வேனின் தரையில், நீங்கள் உறங்கும் மெத்தைக்கடியில் தேங்கும். இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. எஞ்சினை ஓடவிட்டு, சன்னல்களை ஏற்றிவிட்டு, ஏசி போட்டுக்கொண்டு ஒருபோதும் உறங்காதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உறங்குபவர் விழிப்பதில்லை.

கிளம்பும் நாள்

வடசென்னையிலிருந்து தெற்கே போக வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையைப் பலரும் பரிந்துரைப்பார்கள். பெரிய வண்டிக்கு அது சரி. சிறிய வேனுக்கு அது தேவையற்ற சுற்று. விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் ராஜாஜி சாலை, காமராஜர் சாலை, அடையாறு, திருவான்மியூர் என்று நகரம் விழிப்பதற்குள் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துவிடலாம். ஆறு மணிக்கு மேல் என்றால் எண்ணூர் விரைவுச் சாலையின் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவிலேயே உங்கள் உற்சாகம் பாதி வடிந்துவிடும்.

முதல் நாள் மட்டும் நீண்ட ஓட்டம்: புதுச்சேரி, சிதம்பரம், தரங்கம்பாடி வழியாக நாகப்பட்டினமோ வேளாங்கண்ணியோ வரை. தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு எதிரே ஒரு மணி நேரம் இளைப்பாறலாம். அதன் பிறகு நாளொன்றுக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை என்பது எங்கள் விதி. அதற்கு மேல் ஓட்டினால் நான்கு மணி விதி உடையும்.

இரவுக்கு இடம்

முதல் பயணத்தில் எங்களுக்கு அந்த நான்கு மணி விதி இல்லை. தொண்டிக்குத் தெற்கே இருட்டிய பிறகு ஒரு மண் பாதையில் இறங்கி, விளக்கு வெளிச்சத்தில் சிமெண்ட் தரைபோல் சமமாகத் தெரிந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உறங்கினோம். விடிந்து பார்த்தால் அது காய்ந்த உவர்நிலம். மேலே உப்புப் படிந்த மெல்லிய ஓடு, கீழே களி. பின் சக்கரங்கள் இரண்டும் கால்வாசி இறங்கியிருந்தன. வலை இழுக்கப் போய்க்கொண்டிருந்த ஆறு பேர் கயிறும் பலகையும் கொண்டுவந்து இழுத்துவிட்டார்கள். அவர்களில் பெரியவர் ஒருவர், "பகல்ல வந்து கேட்டிருந்தா நாங்களே இடம் காட்டிருப்போம்ல, தாயி. ராத்திரில வந்தா கடலும் தெரியாது, கரையும் தெரியாது" என்றார். அவர் சொன்னதைத்தான் நான் இங்கே வழிமுறையாக எழுதுகிறேன்.

வெளிநாடுகளில் இருப்பதுபோல் வண்டி நிறுத்தி உறங்குவதற்கென்றே அமைந்த பூங்காக்களை இக்கரையில் எதிர்பார்க்காதீர்கள். கேட்டுத்தான் இடம் பெற வேண்டும். யாரைக் கேட்பது என்பது ஊருக்கு ஊர் மாறும். நாகப்பட்டினம் வரையுள்ள மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்தார் சொல்வதுதான் முடிவு. காசிமேடு, எண்ணூர்க் குப்பங்களை அறிந்தவர்களுக்கு இது தெரிந்ததே. அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை போன்ற ஊர்களில் பள்ளிவாசல் ஜமாஅத்தார் வழியாகக் கேட்பது முறை. தூத்துக்குடிக்குத் தெற்கே, மணப்பாடு, உவரி போன்ற கத்தோலிக்க ஊர்களில் பங்குத்தந்தையையோ ஊர்க் கமிட்டியையோ பாருங்கள். இருவரும் சேர்ந்தே போய்க் கேளுங்கள். எங்கிருந்து வருகிறோம், எத்தனை மணிக்குக் கிளம்பிவிடுவோம் என்பதைத் தெளிவாகச் சொல்லி, ஆதார் அட்டையைக் கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டுங்கள். கையில் பணத்தை நீட்டாதீர்கள். அதற்குப் பதிலாக அன்றைய மீனை அந்த ஊரிலேயே வாங்குங்கள். மது அருந்துவதாக இருந்தால் கிராமத்தில் இடம் கேட்கவே கேட்காதீர்கள்.

அனுமதி கிடைத்தால் அடுத்தது இடத்தைத் தேர்வது. மீனவருக்குக் கடற்கரை என்பது பட்டறை. வலை காயும் இடம், கருவாடு காயும் இடம், படகை டிராக்டர் கட்டி இழுக்கும் பாதை ஆகிய மூன்றையும் விட்டுத் தள்ளி நில்லுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு உங்களை எழுப்பி வண்டியை நகர்த்தச் சொல்லும் நிலையை அவர்களுக்கு உண்டாக்காதீர்கள். கரையில் ஒதுங்கிய பாசியும் குச்சியும் கோடுபோல் கிடக்கும். தண்ணீர் ஏறிய எல்லை அதுதான். அமாவாசை, பௌர்ணமி நாள்களில் அதைத் தாண்டியும் ஏறும். தென்னைக்கும் பனைக்கும் கீழே நிறுத்தாதீர்கள். வண்டியின் முகம் காற்றைப் பார்த்து இருந்தால் ஆட்டம் குறையும், பின்கதவைத் திறந்து வைத்தாலும் மணல் உள்ளே வராது. கிளம்பும் திசைக்கு வண்டியைத் திருப்பிவைத்து உறங்க வேண்டும் என்பது என் கணவரின் விதி. காற்று அதற்கு ஒத்துவராத இரவுகளில் நாங்கள் இதற்காகவே வாதிட்டிருக்கிறோம்.

சில இடங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோடியக்கரை 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம். அங்கே வெளிமான்களையும், காட்டில் திரியும் குதிரைகளையும் பகலில் பார்த்துவிட்டு, இரவுக்கு வேதாரண்யம் திரும்பிவிடுங்கள். குரங்குகள் திறந்த சன்னலை மன்னிப்பதில்லை. வேதாரண்யத்தில் 1930 உப்புச் சத்தியாகிரகத்தின் நினைவிடத்தையும், சாலையின் இருபுறமும் வெண்மையாகக் குவிந்த உப்பையும் பார்க்கலாம். ஆனால் உப்பளத்து வரப்பில் வண்டியை இறக்காதீர்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு வனத்துறை வழியாகவே படகு. மல்லிப்பட்டினம் அருகே, நெப்போலியனின் தோல்வியைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பிய மனோரா என்ற கோபுரம் அமைதியாக மதிய உணவு உண்ண ஏற்ற இடம்.

தனுஷ்கோடியில் இரவு தங்க முடியாது. அரிச்சல்முனை வரையிலான சாலை 2017இல் திறக்கப்பட்டது; மாலையில் காவலர்கள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே காலை வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். ஒரு பக்கம் குளம்போல் கிடப்பதைப் பெண் கடல் என்றும், மறுபக்கம் அலை எறிவதை ஆண் கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். எந்தப் பக்கம் பெண்மை என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு என்றாலும், ஆண் கடல் என்று சொல்லப்படும் பக்கத்தில் இறங்கிக் குளிக்காதீர்கள். அதன் அடியிழுப்பு கண்ணுக்குத் தெரியாது. இரவுக்கு இராமேசுவரத்தில் வாகன நிறுத்தமோ விடுதி முற்றமோ கிடைக்கும். வரும் வழியில் உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருப்பதால் கண்டபடி படம் எடுக்க வேண்டாம். ட்ரோன் என்ற எண்ணத்தையே இந்தக் கரையில் விட்டுவிடுங்கள்.

இராமநாதபுரத்திலிருந்து சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி வரை சுமார் 120 கிலோமீட்டர். பனையும் உடைமரமும் உப்பளமுமாக நீளும் இப்பகுதிதான் பயணத்திலேயே தனிமையானது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ஆனால் இரவில் இங்கே கரையோரம் தனியாக நிற்கும் வண்டி காவல்துறையின் கண்ணில் கடத்தல் வண்டிதான். இரண்டாம் பயணத்தில் நள்ளிரவில் கதவைத் தட்டி விசாரித்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள், ஆனால் அதன்பின் இருவருக்கும் உறக்கம் வரவில்லை. அதிலிருந்து மாலையிலேயே அருகிலுள்ள காவல் நிலையத்தில் வண்டி எண்ணைச் சொல்லிவிட்டு, ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்கில் மேலாளரிடம் கேட்டுத் தங்குகிறோம். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் இலவச எண் 1093. அதையும் 108, 112 ஆகியவற்றையும் வண்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். கைப்பேசி அணைந்துபோனாலும் பக்கத்திலிருப்பவர் கைப்பேசியில் அழைக்கலாம்.

திருச்செந்தூரில் கோயில் வாகன நிறுத்தத்தில் இரவெல்லாம் வெளிச்சமும் ஆட்களும் உண்டு. உறக்கம் குறையும், பயம் இருக்காது. அங்கிருந்து மணப்பாடு சிறு தொலைவு. வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்கலாம். குன்றின் மேலுள்ள திருச்சிலுவை ஆலயத்தின் அருகே மாலையில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் மணல்மேடும் தெரியும்.

மணலில் சிக்கினால்

சக்கரம் சுழன்று வண்டி நகரவில்லை என்றால் உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். மேலும் மிதித்தால் வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிடும். இறங்கி, சக்கரத்துக்கு முன்னாலிருக்கும் மணலை வாரித் தள்ளி, டயர் காற்றைப் பாதியளவுக்குக் குறைத்து, கோணியோ பனை மட்டையோ போட்டு, இரண்டாம் கியரில் மெதுவாக ஏறுங்கள். தார்ச் சாலை வந்ததும் காற்றை நிரப்பும் வரை வேகம் கூடாது. இதற்காகவே 12 வோல்ட்டில் ஓடும் சிறிய காற்றடிப்பான் ஒன்று வேண்டும். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓரடிச் சதுரப் பலகை, ஸ்டெப்னியில் காற்று, 15 அடி இழுவைக் கயிறு ஆகிய மூன்றும் இல்லாமல் கிளம்பாதீர்கள். மணலே வேண்டாம் என்பதுதான் என் அறிவுரை. சாலை முடியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடங்கள்.

இருவரும் ஒரு வேனும்

வீட்டில் கோபம் வந்தால் ஒருவர் மாடிக்குப் போகலாம். வேனில் மாடி இல்லை. வேலையைப் பிரித்துக்கொள்வதே வழி: எங்களில் அவர் ஓட்டினால் நான் வழி பார்ப்பேன், நான் ஓட்டினால் அவர் பார்ப்பார், ஓட்டாதவர் ஓட்டுவதைப் பற்றிப் பேசக் கூடாது. வழி கேட்பதும் ஊரில் இடம் கேட்பதும் என் பொறுப்பு, ஏனென்றால் என் கணவர் எண்ணூரிலேயே வழி தவறினாலும் யாரையும் கேட்காதவர். நான்கு மணிக்கு யார் களைத்திருந்தாலும் அன்றைய ஓட்டம் அத்துடன் முடிந்தது. "இன்னும் இருபது கிலோமீட்டர்தானே" என்ற சொற்றொடருக்கு எங்கள் வண்டியில் தடை. நாளில் ஒரு மணி நேரம் இருவரும் தனித்தனியே கரையில் நடக்கிறோம். திரும்பிவரும்போது ஒருவருக்கொருவர் சொல்ல ஏதாவது இருக்கிறது.

வீடு திரும்பியதும்

உறங்குவதற்கு முன்பே மெத்தையை இறக்கி உதறிவிட்டு, மறுநாள் காலை முதல் வேலையாக வாட்டர் சர்வீஸ் கடையில் வண்டியைத் தூக்கி, அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் உப்புப் போகும் வரை கழுவச் சொல்லுங்கள். சக்கர வளைவின் உட்புறம், கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகள், ஸ்டெப்னி தொங்கும் இடம் ஆகியவற்றை விரல் வைத்துப் பாருங்கள். அங்கேதான் மணல் ஒளிந்திருக்கும். கீல்களுக்கும் தாழ்ப்பாள்களுக்கும் கிரீஸ் வைக்க வேண்டும். முதல் பயணம் முடிந்து களைப்பில் ஒரு வாரம் தள்ளிப்போட்டோம். பின்கதவின் தாழ்ப்பாள் துருவேறி இறுகிக்கொண்டது. அதைத் துண்டாக வெட்டி எடுத்துவிட்டு, என் கணவர் தம் லேத்தில் புதிய ஊசியைக் கடைந்து போட வேண்டியதாயிற்று.